ராமநாதபுரம் கடலோரத்தில் நான்கு நாள் பறவை பார்க்கப் போவது எப்படி?

ராமநாதபுரம் என்றாலே வறட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும் சரியாகப் பெய்துவிட்டால், தமிழ்நாட்டில் பறவை பார்க்க இதைவிட நல்ல மாவட்டத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று ஐந்து பறவைகள் சரணாலயங்கள் இங்கே உண்டு. முதல் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பு வந்தது, தேர்த்தங்கலுக்கும் சக்கரக்கோட்டைக்கும் 2025இல் வந்தது. தெற்கே 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வடக்கே காரங்காடு அலையாத்திக் காடு, கிழக்கு முனையில் தனுஷ்கோடி. நல்ல திட்டம் போட்டால் நான்கு நாளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீரைக் கேளுங்கள், பிறகு டிக்கெட் போடுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "ஜனவரி சீசன்" என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு மாதம் முன்பே ரயிலும் அறையும் பதிவு செய்துவிடுகிறார்கள். போய் இறங்கினால் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். இங்குள்ள சரணாலயங்கள் எல்லாம் பாசனக் கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பறவையும் வராது.

காரணம் எளிது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கண்மாயின் உள்வாயில் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாயும் நரியும் பூனையும் நெருங்க முடியாது. குஞ்சுக்கு மீனும் பக்கத்திலேயே கிடைக்கும். தண்ணீர் வற்றினால் இரண்டு வசதியும் ஒன்றாகப் போய்விடும்.

ஆகவே டிசம்பர் நடுவில் ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது? கூடு கட்டத் தொடங்கிவிட்டனவா? கரைவரை கார் போகுமா? கூடவே பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் அந்தந்த இடத்துக்குக் கடைசி இரண்டு வாரத்தில் பதிவான பட்டியலையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஜனவரி பிற்பாதி அல்லது பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கலாம். கண்மாய்கள் ஏமாற்றிவிட்ட ஆண்டில் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா போன்ற கரைப்பறவைகள் செப்டம்பர் முதல் ஏப்ரல்வரை கடலோரத்தில் இருக்கும். நான்கு நாளையும் மண்டபம், தனுஷ்கோடி பக்கம் திருப்பிவிடுங்கள்.

எந்தக் கடல், எந்தக் காற்று

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் ஒன்றைப் பெண் கடல் என்பார்கள், மற்றதை ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கடல் கலங்கி அலையடிக்கும், தெற்கு அமைதியாக இருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் அப்படியே தலைகீழ். எனவே ஜனவரியில் தெற்குக் கரையில் நின்று பார்ப்பதுதான் வசதி. டெலஸ்கோப் ஆடாது, கண்ணில் மணல் அடிக்காது.

இன்னொன்று. இந்தக் கரையில் கடல் ஏற்ற வற்றம் மிகக் குறைவு, ஒரு மீட்டருக்கும் கீழேதான். குஜராத் கடற்கரை மாதிரி நேர அட்டவணை வைத்துச் சேற்று வெளிக்காகக் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது, மழை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் இங்கே கணக்கு.

எடுத்துப் போக வேண்டியவை

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். 10×42 வாங்கினால் உருவம் பெரிதாகத் தெரியும், ஆனால் காற்றில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். புதியவர்கள் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வலப்பக்கக் குழாயை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் தூரத்துப் பலகை ஒன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழாயில் இருக்கும் சிறு வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் தலைவலியோடு திரும்பி, பைனாகுலரைக் குறை சொல்கிறார்கள். வளையம் சில மாடல்களில் இடப்பக்கம் இருக்கும், அப்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கடலோரத்துக்கு டெலஸ்கோப் இருந்தால் நல்லது, 20–60 மடங்கு. குழுவுக்கு ஒன்று போதும். காற்றடிக்கும் இடத்தில் முக்காலியின் காலை முழுதாக நீட்டாதீர்கள். குறைத்து வைத்து, நடுக்கம்பியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, உட்கார்ந்தே பாருங்கள். அறைக்குத் திரும்பியதும் லென்ஸைத் துணியால் தேய்க்கக் கூடாது. முதலில் ஊதி மணலை அகற்றி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் உப்பை ஒற்றியெடுங்கள். உலர்ந்த உப்போடு தேய்த்தால் பூச்சு போய்விடும்.

செருப்பு வேண்டாம். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், கார் டயரையும் விடாது. தடித்த அடியுள்ள ஷூ, காற்றடைத்த ஸ்டெப்னி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று இது பாதுகாப்பு மிகுந்த கரை. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைப் பக்கம் போகும்போது போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும்.

நாள் வாரியாக

முதல் இரண்டு இரவு ராமநாதபுரத்தில், அடுத்த இரண்டு இரவு மண்டபம் அல்லது ராமேசுவரத்தில் தங்குங்கள். பேருந்தை நம்பி விடியலில் கண்மாய்க் கரையைப் பிடிக்க முடியாது. வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். "காலை ஐந்தே காலுக்குக் கிளம்ப வேண்டும், வழியில் அடிக்கடி நிறுத்த வேண்டும்" என்பதை ஓட்டுநரிடம் முன்தினமே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் மாலை சக்கரக்கோட்டை. நகரை ஒட்டியே இருப்பதால் வந்து இறங்கிய களைப்போடும் போகலாம்.

இரண்டாம் நாள்தான் கண்மாய்களுக்கான முழுநாள். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். அதற்குள் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியில் இருங்கள், பிறகு அருகிலுள்ள காஞ்சிரங்குளம். இந்த மாவட்டத்தின் தரை மேற்கிலிருந்து கடல் நோக்கிச் சரிவதால், பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கு, தெற்குப் பக்கமாகத்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், கூட்டில் நிற்கும் பறவையின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கறுப்பு நிழலாகிவிடும். மடை, மிகுநீர் வழியும் கலுங்கு இருக்கும் இடங்களை விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் மீன் பிடிக்கக் கொக்கும் மடையானும் மீன்கொத்தியும் அங்கேதான் கூடும். ஒன்பதரைக்கு மேல் கானல் எழும்பத் தொடங்கிவிடும், தூரத்துப் பறவை நெளிந்து தெரியும். முதுகுளத்தூரில் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, மூன்றரைக்குமேல் சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர். ஐந்தில் பெரியது இதுதான், சுமார் 590 ஹெக்டேர். முழுதும் சுற்ற நினைக்காதீர்கள். வெயில் கண்ணில் படாத ஒரு மூலையைப் பிடித்து, அடையத் திரும்பும் கூட்டங்களைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் காலை தொண்டி வழியில் காரங்காடு. ஊர் மக்களோடு சேர்ந்து வனத்துறை நடத்தும் படகுச் சவாரி உண்டு. படகு ஓடுகிறதா என்று முந்தைய நாளே கேளுங்கள், வாடை பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். மதியம் மண்டபம் நோக்கிக் கிளம்பினால், மாலையில் பிள்ளைமடம் களப்பில் கரைப்பறவை பார்க்கலாம்.

நான்காம் நாள் தனுஷ்கோடி. சாலை கிழக்கு நோக்கிப் போவதால் விடியலில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். வழியில் பறவையைக் கண்டாலும் நிறுத்தாமல் முனைவரை போய்விட்டு, திரும்பும்போது நின்று நின்று பாருங்கள். அப்போது வெளிச்சம் முதுகுப் பக்கம் வந்துவிடும். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தனுஷ்கோடியில் தமிழ்நாடு அரசு 2025இல் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயம் அறிவித்தது. மாலையில் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

தேசியப் பூங்காவின் 21 தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதி இல்லாமல் தீவில் இறங்குவது குற்றம். "முயல் தீவுக்குக் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது வள்ளத்தைக் காட்டி அழைத்தால் மறுத்துவிடுங்கள். வனத்துறைப் படகு ஓடும் நாளில் அதில் மட்டும் போங்கள். ஆவுளியாவை (கடல்பசு) பார்த்தே தீருவது என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம், கடல்புல் மேயும் அந்தக் கூச்ச சுபாவி மீனவர் கண்ணிலேயே அபூர்வமாகத்தான் படும்.

பூநாரையை நெருங்குவது

நெருங்காமல் இருப்பதுதான் முறை. நூறு மீட்டருக்குக் குறையாமல், உயரம் தெரியாதபடி உட்கார்ந்து பாருங்கள். மேயும் பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்திருக்கும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும், நாக்கைப் பம்பு போல் இயக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து, அலகின் ஓரச் சல்லடையில் சிற்றுயிர்களை வடித்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளும். தொண்டை விடாமல் துடிப்பது டெலஸ்கோப்பில் நன்றாகத் தெரியும். அந்தத் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் முதல் எச்சரிக்கை. எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் இரண்டாவது. அந்த இடத்திலேயே நின்று பின்வாங்குங்கள். மூன்றாவதாகப் பறந்துவிடும். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை மேய்ச்சலை விட்டு வீணாக இறக்கையடிப்பது ஒரு புகைப்படத்துக்காக நடக்கவே கூடாது.

நீர் வற்றிய ஓரங்களில் மேலே உப்புப் படலம் காய்ந்து தரை போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. காரையும் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்காதீர்கள்.

குழப்பும் இரண்டு, எண்ணும் முறை

தூரத்தில் மஞ்சள் மூக்கு நாரையைப் பூநாரை என்று நினைத்துவிடுவது வழக்கம். நாரையின் அலகு நீளம், நுனியில் சற்றே வளையும். பூநாரையின் அலகு நடுவிலேயே மடங்கும். ஆலாக் கூட்டத்தில் காக்கையைவிடப் பெரிதாக, கேரட் நிறத் தடித்த அலகோடு ஒன்று நின்றால் அது காஸ்பியன் ஆலா.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்துங்கள். அதே அளவில் ஐம்பது, பிறகு நூறு என்று கட்டம் கட்டமாக நகருங்கள். இரண்டு முறை எண்ணிச் சராசரியை எழுதுங்கள். இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், தண்ணீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்து அன்றைக்கே இபேர்ட்டில் ஏற்றிவிடுங்கள். ஜனவரி நடுவில் போனால் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் அந்தப் பட்டியல் சேரும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் பார்த்து, கண்டதெல்லாம் எழுதினால் போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.