ஃப்ரெட்டர்னிட்டியில் சேரும் தம்பிகள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும், அமெரிக்காவில் நான் படித்த கல்லூரியில், எங்கள் ஃப்ரெட்டர்னிட்டியில், அதாவது மாணவர்களின் சகோதரச் சங்கத்தில், சேர வரும் பையன்களோடு ஒரு மாலை உட்காருவேன். பத்தொன்பது வயதில் நான் அடித்த கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். சந்தா மறப்பது, கூட்டத்துக்குத் தாமதமாக வருவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். மற்றவை கீழே.

சங்கம் தொடங்கிய ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்வது

அந்த ஆண்டு அங்கே என்ன குறை இருந்ததால் சங்கம் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

சங்கப் பெயரிலுள்ள கிரேக்க எழுத்து அழகுக்கு என்று நினைப்பது

1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் மாணவர்கள் ஐவர் தொடங்கிய சங்கம் ஃபை பீட்டா காப்பா. வாழ்க்கைப் படகுக்குச் சுக்கான் பிடிப்பது மெய்யறிவின் மீதுள்ள காதல் என்று பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.

வதைப்பதை மரபு என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஹேசிங் என்பார்கள்; நம்மூர் ராகிங்குக்குப் பங்காளி. நள்ளிரவில் எழுப்பி நிறுவனர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்கள். தப்பினால் தண்டால். எடுத்தேன். அடுத்த வருடம் இன்னொருவனை எடுக்க வைத்து நானே எண்ணினேன். 'நாங்களும் பட்டுத்தானே வந்தோம்' என்ற மாமியார் நியாயம். அவன் நவம்பரில் சங்கத்தை விட்டான், ஜனவரியில் கல்லூரிக்கே வரவில்லை.

கருப்பின மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சங்கத்தின் கதையைப் பிறகுதான் படித்தேன். நியூயார்க் மாநிலம், இதாகா, கார்னெல் பல்கலைக்கழகம். 1905-06 கல்வியாண்டுக்குக் கருப்பின மாணவர்கள் ஆறு பேர் திரும்பி வரவில்லை. எஞ்சியவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக ஒரு படிப்பு வட்டம் கூட்டினார்கள். இலக்கிய வட்டமாகவே இருக்கட்டும் என்று வாதாடியவர்களும் உண்டு. 1906 டிசம்பர் 4 அன்று அது சகோதரச் சங்கமானது; நிறுவனர்கள் ஏழு பேர். ஆள் குறைந்த வலியில் பிறந்த சங்கம் அது. நாங்களோ வந்தவனை விரட்டிவிட்டு, அதற்கு மரபு என்று பெயர் வைத்திருந்தோம்.

1990இல் அந்தச் சங்கமும் அதன் தோழமைச் சங்கங்களும் புதியவர்களைச் சேர்ப்பதற்கு முன் சோதனைக் காலத்தில் வைக்கும் பழைய 'பிளெட்ஜ்' முறையையே ஒழித்தன. அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாக நடந்தது வேறு கதை.

தொண்டு என்றால் குழுப்படம் என்று நினைப்பது

ஆல்ஃபாக்காரர்கள் 1930களில் கருப்பின மக்களை வாக்காளராகப் பதிய வைக்க இயக்கமே நடத்தினார்கள். 'வாக்கில்லாத மக்கள் நம்பிக்கையற்ற மக்கள்' என்ற பொருளில் ஒரு முழக்கம்.

ரகசியத்தைக் கட்டிக்கொண்டு அழுவது

ஃபை பீட்டா காப்பாவின் ஹார்வர்டு கிளை 1831இலேயே ரகசியம் காக்கும் வழக்கத்தைக் கைவிட்டது.