காருக்கு அடியில் சிவப்புச் சொட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெயிலில் ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அது சாதாரணம். ஆனால் சிவப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் உடனே பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டு வாசலில் நான் செய்தது இதுதான். இரவில் ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்தேன். காலையில் நடுவில் ஐந்து ரேண்ட் காசு அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சில வண்டிகளில் இளஞ்சிவப்புதான். அதனால் விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழுக்கியது. கூலன்ட் தண்ணீர் மாதிரி ஓடும், இனிப்பு வாசம் வரும். பவர் ஸ்டீரிங் ஆயிலும் சிவப்பாக இருக்கலாம், ஆகவே சொட்டு விழுந்த இடம் முக்கியம்.

ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் ஓட்டி, மீண்டும் பாருங்கள். ஈரத்தின் உச்சியில்தான் கசிவு இருக்கும். பெரும்பாலும் பான் கேஸ்கெட் (கியர்பாக்ஸின் அடித்தட்டு ஓரத்தை அடைக்கும் பட்டை), கூலர் பைப் (ஆயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் குழாய்) இணைப்பு, ஆக்சில் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுற்றிய அடைப்பு).

கியரை 'டி'யில் (டிரைவ்) போட்டும் வண்டி நகரத் தயங்கினால் ஓட்டாதீர்கள், கட்டி இழுக்கவும் வேண்டாம், லாரியில் ஏற்றியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.