திரையில் வரும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள்: போலி ‘மைக்ரோசாஃப்ட்’ முதல் போலி ஈபி வரை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் தேடிக்கொண்டிருப்பீர்கள். சட்டென்று திரை முழுக்கச் சிவப்பு, ஸ்பீக்கரில் சைரன். “கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே மைக்ரோசாஃப்டை அழைக்கவும்” என்று ஒரு எண். அது பெரும்பாலும் வைரஸ் இல்லை, முழுத்திரையில் திறந்த ஒரு வெப்சைட் பக்கம்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. இருந்தால் போலி, மேற்கொண்டு ஆராயவே வேண்டாம்.

படி 1: பக்கத்தை மூடுங்கள்

எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி குரோமைத் திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ என்று கேட்கும். அதைத் தொட்டால் அதே சைரன் திரும்பி வரும். “வைரஸ் போகவே மாட்டேங்குது” என்று பயந்து அந்த எண்ணை அழைக்கத் தோன்றும் இடம் இதுதான்.

படி 2: அழைத்துவிட்டால் அவர்கள் காட்டும் வித்தை

முதலில் எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, அதில் தெரியும் எண்ணைக் கேட்பார்கள். (ஆப் நல்லதுதான், கேட்கிற ஆள்தான் சரியில்லை.) எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்தால் மவுஸ் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு கம்ப்யூட்டர் தன் அன்றாட நடப்புகளைப் பதிந்து வைக்கும் ‘ஈவென்ட் வியூவரை’த் திறந்து சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி “பார்த்தீங்களா அண்ணாச்சி, எவ்வளவு வைரஸ்” என்பார்கள். நேற்று வாங்கிய லேப்டாப்பிலும் அந்தக் குறிகள் இருக்கும். நெட் இணைப்புகளைப் பட்டியலிடும் ‘நெட்ஸ்டாட்’ கட்டளை போட்டு ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற பத்தியைக் காட்டி, வெளிநாட்டுக்காரன் புகுந்துவிட்டான் என்பதும் உண்டு. அந்தச் சொல்லுக்கு இங்கே எதிர்முனை முகவரி என்பதுதான் பொருள். இதே ஆப் செல்போனில் இருந்தால், உங்களுக்கு வரும் ஓடிபி அவர்கள் கண்ணுக்கும் தெரியும்.

படி 3: லிங்க்கைப் பின்னாலிருந்து படியுங்கள்

கவரில் ‘நெல்லையப்பர் கோயில் வாசல்’ என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘தூத்துக்குடி’ என்று போட்டால் கடிதம் தூத்துக்குடிக்குத்தான் போகும். லிங்க்கும் அப்படியே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கடைசி இரண்டு துண்டுகளைப் பாருங்கள். ‘அமேசான்.இன்.பரிசு-கிளைம்.டாப்’ என்றால் அது அமேசான் இல்லை, ‘பரிசு-கிளைம்.டாப்’. ‘கோ.இன்’, ‘ஜிஓவி.இன்’ என்று முடிந்தால் மூன்று துண்டுகளாகப் பார்க்க வேண்டும். வங்கிகள் தங்கள் முகவரியை ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. ‘பேங்க்-இன்.காம்’ அதுவல்ல, புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பணம் போகிறது.

படி 4: “இன்று இரவு 9.30-க்குக் கரண்ட் கட்”

“போன மாத பில் அப்டேட் ஆகவில்லை” என்று பத்து இலக்கச் செல் எண்ணிலிருந்து மெசேஜ் வரும். வண்ணார்பேட்டையோ வள்ளியூரோ, நம் வீட்டு ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மாதாமாதம் பில் வரும் ஊர்களுக்கு எழுதிய மெசேஜை அப்படியே இங்கும் அனுப்புகிறார்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-ல் கேளுங்கள்.

படி 5: சரியான எண்ணை எடுப்பது

கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடாதீர்கள். போலி எண்களை அங்கேயும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்புறம், பாஸ்புக், கம்பெனியின் சொந்த ஆப், இவற்றிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதலில் நெட்டைத் துண்டியுங்கள்: வைஃபையை அணையுங்கள், போன் என்றால் ஏர்பிளேன் மோட். அடுத்து வேறொரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் திருடனின் கணக்கிலேயே கிடக்கும்போது சொன்னால்தான் முடக்க முடியும். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்துவிட்டால் கஷ்டம். மாநகர சைபர் கிரைமா, மாவட்ட சைபர் கிரைமா என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம், அது பிறகு. உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்துங்கள். பாஸ்வேர்டை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், வேறு கருவியில் மாற்றுங்கள். மெசேஜையும் கால் பதிவையும் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ‘சைபர்கிரைம்.ஜிஓவி.இன்’ தளத்தில் புகாரை முழுமையாகப் பதியும்போது பணம் போன பரிவர்த்தனை எண்ணோடு இவையும் தேவைப்படும்.