மறைத்து எடுத்துச் செல்லச் சின்னக் கைத்துப்பாக்கி: டெக்சாஸில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

டெக்சாஸுக்குக் குடிவந்த நம்மவர்களில் பெரும்பாலானோர் துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பிலும் வங்கி வாசல் காவலாளி தோளிலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கூடத் தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இங்கே மளிகைக் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் சட்டைக்குள் ஒன்று இருக்கலாம், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு முடிவு. அதில் நான் தலையிடவில்லை. வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் கடைக்குப் போய் இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டாம் முறை ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போனதும் கை வலிக்கிறது என்று லாக்கரில் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஆகாமல் இருக்க எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

படி 1: முதலில் விசாவைப் பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பது மத்திய அரசு சட்டப்படி பொதுவாகக் குற்றம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலம் என்பது இங்கே செல்லாது. தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், நாடு கடத்தலும் சேர்ந்து வரலாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து நாலு குண்டு சுடுவதும் இதில் அடங்கும். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

"கிரீன் கார்டு இருக்கிற நண்பன் பேரில் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அடுத்தவருக்காகத் தன் பேரில் வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், உண்மையாக வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிரீன் கார்டுக்காரர்களும் குடியுரிமை பெற்றவர்களும் வாங்கலாம். இப்போதைய முகவரி உள்ள டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

படி 2: லைசென்ஸ் கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்டிசி எனப்படும் லைசென்ஸை எடுத்துவிடச் சொல்வேன். கட்டணம் 40 டாலர்தான். வகுப்பில் சட்டம் சொல்லித் தருகிறார்கள், எப்போது சுடக்கூடாது என்பதையும் சேர்த்து. அதோடு சுடும் தேர்வு ஒன்று: 3, 7, 15 கெஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா, 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. இந்தத் தேர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் துப்பாக்கியால் இதைப் பதற்றமில்லாமல் தாண்ட முடியாவிட்டால், அது உங்களுக்கான துப்பாக்கி இல்லை.

படி 3: உடுப்பும் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) முதலில், துப்பாக்கி அப்புறம்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். மறைவாக இருப்பதைத் தீர்மானிப்பதில் துப்பாக்கியின் அளவுக்குப் பாதிப் பங்குகூட இல்லை. பெல்ட்டும் ஹோல்ஸ்டரும் சட்டையும்தான் மீதி வேலையைச் செய்கின்றன.

குழல் நீளமாக இருந்தால் வெளியே தெரியும் என்று நினைக்கிறோம். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும், அதை யாரும் பார்க்கப் போவதில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டுவது கைப்பிடியின் அடிமுனைதான். க்ளாக் 43, 43எக்ஸ் என்ற இரண்டு மாடல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்பாதி ஒன்றேதான், 43எக்ஸின் பிடி மட்டும் 2 செ.மீ. அதிக நீளம். அந்த 2 செ.மீ.யால் கை முழுதாகப் பிடியில் உட்காரும். குனியும்போது முதுகுப் பக்கம் முட்டிக்கொண்டு நிற்பதும் அதே 2 செ.மீ.தான். உங்கள் கையும் உங்கள் உடம்பும் இதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தேர்வின் பெரும்பகுதி.

ஹோல்ஸ்டர் அந்த மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் நல்லது. விரலால் இழுத்துச் சுடும் விசையை (ட்ரிகர்) முழுதாக மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினாலும் விரல் விசையில் படக்கூடாது. 15 டாலருக்குக் கிடைக்கும் தொளதொளத் துணி உறை வேண்டவே வேண்டாம். துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது உறையின் வாய் மடங்கி விசையில் சிக்கலாம், சட்டை நுனியும் சிக்கலாம். அதனால் உள்ளே வைக்கும்போது எப்போதும் குனிந்து கண்ணால் பார்த்து, மெதுவாக. அந்த நேரத்தில் எந்த அவசரமும் கிடையாது.

சல்வாரிலும் புடவையிலும் பெல்ட் இல்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை கிடைக்கிறது. விசைப் பகுதியில் கெட்டி உறை பதித்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பையில் போட்டுக்கொள்வது சுலபமாகத் தெரியும், எனக்கு உடன்பாடில்லை. உறவினர் வீட்டு சோபாவில் பையை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போவீர்கள், அந்தப் பக்கம் ஒரு நான்கு வயதுக் குழந்தை சாக்லேட் தேடி வரும்.

படி 4: எந்த அளவு?

ஒரே 9 எம்எம் தோட்டாவை எடையில் பாதியான துப்பாக்கியில் சுட்டால் கைக்கு வரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பள்ளிக்கூடத்தில் படித்த உந்த அழிவின்மை விதிதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இங்கே விளையாட்டுப் பேச்சில்லை. சின்னத் துப்பாக்கியின் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, குறிபார்க்கும் இரு முனைகளுக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் கையின் சின்ன ஆட்டமும் பெரிய பிழையாகிவிடும். மிகச் சின்னத் துப்பாக்கி, நிறையச் சுட்டுப் பழகியவர்களுக்கான சாமான்.

கடையில் பார்க்கப் போவது பெரும்பாலும் இவைதான்.

ரூகர் எல்சிபி, 2008-ல் வந்தது. காலித் துப்பாக்கி சுமார் 270 கிராம், .380 தோட்டா. பேன்ட் பாக்கெட்டில் (அதற்கும் பாக்கெட் ஹோல்ஸ்டரில்தான்) போட்டால் இருப்பதே தெரியாது. சுடுவது இன்பமாக இருக்காது. 2021-ல் வந்த எல்சிபி மேக்ஸில் மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) 10 தோட்டா, குறிபார்க்கும் முனைகளும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கின்றன. பழையதை விட்டு இதையே பாருங்கள்.

அடுத்தது சிக் சாவர் பி365. 2018-க்கு முன் இந்த அளவுத் துப்பாக்கி என்றால் மேகசினில் ஆறேழு தோட்டாதான். பி365 அதே உடம்புக்குள் பத்தைப் புகுத்தியது. அதன் பின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட் 2019-ல் வந்தது, ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் பிளஸ் 2021-ல். மூன்றும் 9 எம்எம், மூன்றும் அரைக் கிலோவைச் சுற்றி. புதியவருக்கு நான் முதலில் கையில் கொடுக்கச் சொல்வது ஷீல்ட் பிளஸ், க்ளாக் 43எக்ஸ் இரண்டையும்தான். இந்த வகையில் பிடி ஓரளவு நிறைவாக இருப்பவை அவை.

க்ளாக் 19-ஐயும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். காலி மேகசினோடு 670 கிராம், 15 தோட்டா. தடிமனானதுதான். ஆனால் கொஞ்சம் தொளதொளப்பான சட்டை போடுகிறவர், உடம்பு வாகுள்ளவர் இதையே மறைத்துவிடலாம். சுடும்போது வித்தியாசம் முதல் குண்டிலேயே தெரியும்.

சின்ன ரிவால்வர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் ஒருவர் கடைக்குள் நுழைந்தால் கவுண்ட்டரில் இருப்பவர் கை தானாக ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்து நீட்டும். "மேடம், இது சிம்பிள்." இயங்குவது எளிமைதான், ஸ்லைடு எனப்படும் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கும் வேலை இல்லை, சிக்கிக்கொள்வதும் அரிது. ஆனால் ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்றவை சுமார் 410 கிராம். .38 தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கையில் அடி வாங்கியது போல இருக்கும். விசையும் நீண்டு, கனத்து இழுபடும். இழுத்து முடிப்பதற்குள் குறி நகர்ந்திருக்கும். தேர்ந்தவர் கையில் அது அருமையான ஆயுதம். பழகாதவருக்குப் பரிந்துரைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஸ்லைடை இழுக்க விரலில் வலுவில்லை, மூட்டு வலி என்பவர்களுக்கு ஷீல்ட் ஈஸி என்ற மாடல் .380-லும் 9 எம்எம்மிலும் இருக்கிறது. சுருள்வில் மென்மையானது. அளவில் சற்றுப் பெரிது.

படி 5: தோட்டா

இதில் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை: 9 எம்எம். 2014-ல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே .40 என்ற பெரிய தோட்டாவை விட்டு 9 எம்எம்முக்குத் திரும்பலாம் என்று காரணங்களோடு எழுதியது. உதை குறைவு, அதனால் அடுத்தடுத்த குண்டும் குறியில் விழும் என்பது அதில் முக்கியமான ஒன்று. இந்த மூன்றில் பயிற்சித் தோட்டா மலிவாகக் கிடைப்பதும் இதற்குத்தான். உதை தாங்கவே முடியாதவர்களுக்கு மட்டும் .380.

பயிற்சிக்குச் செம்பு உறையிட்ட சாதாரணத் தோட்டா. எடுத்துச் செல்வதற்கு நுனியில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட். இலக்கைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் மேல் பாயும் வாய்ப்பு அதில் குறைவு.

படி 6: வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் பல ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கி கிடைக்கும். ஒரே நாளில் மூன்று மாடலுக்கு மேல் வேண்டாம், கை களைத்தபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல்முறை என்றால் பயிற்றுநர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வாங்கும்போது குழல் முனை ஆட்கள் பக்கம் திரும்பக் கூடாது. கடைக்காரர் காலி என்று காட்டிக் கொடுத்தாலும் நீங்களும் ஒருமுறை உள்ளே பாருங்கள். விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி.

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான வளைவு பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏற்றிப் பிடியுங்கள். இப்போது விசையில் விரலை வைத்தால் விரல் நுனியின் சதைப்பகுதி நடுவில் உட்கார வேண்டும். நுனி மட்டுமே எட்டினால் பிடி உங்கள் கைக்குப் பெரிது. முதல் கணு வரை உள்ளே போனால் சின்னது. ஸ்லைடை இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதீர்கள்; இடது உள்ளங்கையால் மேலிருந்து கவ்வி, வலது கையை முன்னே தள்ளுங்கள். "எனக்கு வராது" என்று சொன்ன பலருக்கு இந்த மாற்றத்திலேயே வந்துவிடும். இடது கைக்காரர்கள் மேகசின் பொத்தானைப் பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுடும் சோதனைக்கு 7 கெஜத்தில் ஒரு பேப்பர் தட்டு போதும். ஐந்து குண்டு, நிதானமாக. பிறகு இன்னும் ஐந்து, சற்று வேகமாக. இரண்டாவது ஐந்தும் தட்டுக்குள்ளேயே விழுகிற துப்பாக்கி எதுவோ, அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 50 தோட்டா முடிந்தபோது "இன்னொரு பெட்டி சுடலாம்" என்று தோன்றியதா என்பதையும் கவனியுங்கள். பழகப் பிடிக்காத துப்பாக்கியோடு யாரும் பழகுவதில்லை.

படி 7: வாங்கிய பிறகு

பெட்டியிலிருந்து எடுத்து நேராக இடுப்பில் செருக வேண்டாம். சாதாரணத் தோட்டா 200, எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயிண்டில் ஒரு 50 சுட்டு, ஒன்றும் சிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான். சில துப்பாக்கிகள் சில தோட்டாக்களை விழுங்க மறுக்கும். அது ரேஞ்சிலேயே தெரிந்துவிடட்டும்.

இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டுப் பெட்டியில். டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பதே குற்றம். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வந்தால் இன்னொரு கவனமும் தேவை. அவர்கள் வருவது பி-2 விசாவில். ஆசைக்குக்கூட அப்பா கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள், பூட்டின் சங்கேத எண்ணையும் சொல்லிவைக்காதீர்கள்.

கடை, கோயில் வாசல்களில் பலகை பார்க்கும் பழக்கம் வர வேண்டும். துப்பாக்கி கொண்டுவரத் தடை என்று சொல்லும் பலகைகளில் 30.05, 30.06, 30.07 என்ற எண்கள் இருக்கும், மது பார்களில் சிவப்பு 51%. தபால் நிலையம், பள்ளிக்கூடம், விமான நிலையச் சோதனைக்கு உள்பக்கம் ஆகியவை எப்போதும் தடை. வெளிமாநிலம் போகும்போது டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே செல்லுமா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் ஏற்பதில்லை. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாவுக்கே தனிக் கட்டுப்பாடு உண்டு, எடிசனில் மாமா வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் கவனிக்கவும்.

ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். மடிப்பில் விழுந்த ஒரே ஒரு தோட்டா, சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தென்பட்டால் ஆயுதச் சட்ட வழக்கு வரை போகும். டிசம்பர் விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது, அந்தப் பை பரண் மேலேயே இருக்கட்டும்.