மழைக்குத் தாங்கும் கூடாரம்: முதலில் தையலைப் பாருங்கள்

கூடாரம் வாங்கும்போது துணியைவிடத் தையலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். உட்புறத் தையல் நெடுகிலும் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூடாரத்தின் மேல் போர்த்தும் வெளித்துணியான மேல்விரிப்பு தரையை ஒட்டி இறங்கட்டும். பாதியில் நின்றால் சாரல் உள்ளே வந்துவிடும். நீர் தாங்கும் அளவு, அதாவது துணி கசியாமல் தாங்கும் நீர்மட்டத்தின் உயரம், மேல்விரிப்புக்கு 1500 மி.மீ., தரைக்கு 3000 மி.மீ. இருந்தால் சாதாரண மழைக்குப் போதும்.

காற்றுத் திறப்பு கட்டாயம் தேவை. இல்லாவிட்டால் நம் மூச்சுக்காற்றே குளிர்ந்து விடியற்காலையில் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்றே நினைத்துவிடுவோம்.

‘நான்கு பேருக்கு’ என்றால் நெருக்கிப் படுக்கும் நான்கு பேர். குழந்தைகளோடு போகிறவர்கள் ஆறு பேர் அளவையே வாங்குங்கள். முதுகில் சுமப்பவர்களுக்கு எடைதான் முக்கியம். கிளம்பும் முன் ஒருமுறை விரித்துக் கட்டி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்துவிடுங்கள்.