சர்வீஸ் ஹிஸ்டரி பாதி இல்லாத பழைய கார் வாங்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

பழைய கார் தேடறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீங்க, "சர்வீஸ் புக் எங்கயோ போயிடுச்சு, ஆனா வண்டியை நல்லா தான் பாத்துக்கிட்டோம்". இதைக் கேட்ட உடனே வண்டியை விட்டுடணும்னு நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நான் இப்ப ஓட்டற வண்டிக்கே நடுவுல கொஞ்ச வருஷத்துக்கு ஒரு பேப்பரும் கிடையாது, தெரிஞ்சே தான் வாங்கினேன், நல்லா ஓடிட்டு இருக்கு. ஹிஸ்டரில எந்த இடத்துல ஓட்டை, அந்த காலத்துல என்னென்ன வேலை நடந்திருக்கணும், நடந்ததுக்கு வண்டியிலயே அடையாளம் இருக்கா, இந்த மூணும் தெரிஞ்சா தைரியமா முடிவு எடுக்கலாம். ஓனர் பேரு, லோன், இன்சூரன்ஸ் பேப்பர் பாக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது தான், அதுக்குள்ள நான் போகல.

1. இருக்கற பேப்பரை வெச்சு வரிசை போடுங்க

ஒரு தாள்ல தேதி, கிலோமீட்டர், என்ன வேலைன்னு மூணு கட்டம். சர்வீஸ் பில் மட்டும் இல்ல, டயர் பில், பேட்டரி பில், புகை டெஸ்ட் ரிப்போர்ட், இன்சூரன்ஸ் கிளெய்ம் எது கிடைச்சாலும் கேட்டு வாங்குங்க, நிறைய பில்லுல கிலோமீட்டர் எழுதியிருப்பாங்க. தேதி ஏற ஏற கிலோமீட்டரும் ஏறணும், ஒரு இடத்துல குறைஞ்சிருந்தா அங்கயே பேச்சை நிறுத்திடுங்க.

இப்ப ஓட்டை கண்ணுக்குத் தெரியும். உதாரணத்துக்கு 42,000லேர்ந்து 88,000 வரைக்கும் ஒண்ணுமே இல்லன்னு வைங்க. அந்த மாடலோட மெயின்டெனன்ஸ் அட்டவணையை ஓனர் மேனுவல்ல பாத்து, அந்த இடைவெளில வந்திருக்க வேண்டியதை எழுதுங்க. பிரேக் ஃப்ளூயிட் (பெரும்பாலும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை), கூலன்ட், ஸ்பார்க் ப்ளக், கியர்பாக்ஸ் ஆயில், பெல்ட். மொத்த வேலைக்கும் இந்த லிஸ்ட் தான் அடிப்படை.

சர்வீஸ் புக்ல இருக்கற வெறும் ஸ்டாம்பை விட பில்லை தான் நான் நம்புவேன். ஸ்டாம்ப் வண்டி வந்துச்சுன்னு மட்டும் சொல்லும், பில்லு எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர்னு சொல்லும்.

புக் தொலைஞ்சிருந்தாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு இருக்க வாய்ப்பு உண்டு, ஓனரையே கேட்டு எடுத்துத் தரச் சொல்லுங்க. இதுக்கு சேஸிஸ் நம்பர் வேணும். 17 எழுத்து, முன் கண்ணாடிக்குக் கீழ டேஷ்போர்டு ஓரத்துலயோ டிரைவர் கதவுத் தூண்லயோ இருக்கும். அதுல ஐ, ஓ, க்யூ எழுத்து வராது, அதனால குழப்பமா தெரிஞ்சா அது 1 இல்லன்னா 0. வண்டியில இருக்கறதும் பேப்பர்ல இருக்கறதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். அதே நம்பரை வெச்சு கம்பெனி சைட்ல ரீகால் (தயாரிப்புக் குறைக்காக கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணித் தர்றது) இருக்கான்னும் பாத்துடுங்க. டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் ரீகால்ல உலகம் முழுக்க கோடிக்கணக்கான வண்டி மாட்டுச்சு, ஹிஸ்டரி இல்லாத வண்டில அது மாத்தினாங்களான்னு பேப்பரை வெச்சு சொல்ல முடியாது, நம்பரை வெச்சு தான் சொல்ல முடியும்.

2. வண்டியில அச்சடிச்சிருக்கற தேதியைப் படிங்க

டயர் பக்கவாட்டுல டாட் (DOT) கோட் கடைசி 4 இலக்கம், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. கண்ணாடி எல்லாத்துலயும் ஓரத்துல குறி இருக்கும், ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா ஏன் மாத்தினீங்கன்னு கேளுங்க. பேட்டரி தேதியையும் பாருங்க. கிலோமீட்டர் கம்மின்னு சொல்ற வண்டில பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு, டிரைவர் சீட் ஓரம் கிழிஞ்சிருந்தா கணக்கு உதைக்குது.

சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெள்ளத்துல நின்ன வண்டியா இருந்தா உள்ள சுருண்டிருக்கற பகுதியில சேத்துக் கறை கோடு மாதிரி நிக்கும். சீட், கார்ப்பெட் எல்லாம் கழுவறவங்க பெல்ட்டோட அடிப்பகுதியை பெரும்பாலும் விட்டுடுவாங்க.

3. இன்ஜின் ஆறியிருக்கும்போது பாக்கணும்

முன்னாடியே போன் பண்ணி "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடறது நல்லது.

ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்க. கருப்பா கெட்டியா கசடு அப்பியிருந்தா ஆயில் மாத்தாம ஓட்டியிருக்காங்க, எவ்வளவு பேப்பர் காட்டினாலும் இதை மறைக்க முடியாது. பால் கலந்த மாதிரி இருந்தா கூலன்ட் கலக்குதான்னு சந்தேகப்படணும், ஆனா குளிர் இடத்துல சின்ன சின்ன தூரமே ஓட்டற வண்டியிலயும் ஈரத்தால அப்படி வரும், அதனால கூலன்ட் டேங்க்லயும் எண்ணெய் மிதக்குதான்னு சேத்துப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணதும் நீலப் புகைன்னா ஆயில் எரியுது, வெள்ளைப் புகை சூடானப்புறமும் நிக்கலன்னா கூலன்ட் எரியுதான்னு சந்தேகப்படணும்.

இன்ஜின் வால்வை சரியான நேரத்துல திறந்து மூட வைக்கறது டைமிங் பெல்ட்டா செயினான்னு தெரிஞ்சுக்கோங்க. பெல்ட்டுக்கு கிலோமீட்டர் கெடுவும் உண்டு, வருஷக் கெடுவும் உண்டு, எது முன்னாடி வருதோ அது தான் கணக்கு. பல இன்ஜின்ல அது அறுந்தா பிஸ்டன் போய் வால்வுல இடிச்சு இன்ஜினே போயிடும். மாத்தினதுக்கு பில்லோ, பானெட்டுக்குள்ள மெக்கானிக் ஒட்டின ஸ்டிக்கரோ இல்லன்னா மாத்தலன்னே வெச்சுக்கோங்க, "மாத்தின ஞாபகம்"ங்கறதெல்லாம் கணக்குல சேராது.

4. ஸ்கேனர் போடறது

எனக்கு ரொம்ப நேரம் புரியாம இருந்த இடம் இது தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

டேஷ்போர்டுக்குக் கீழ டிரைவர் பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல ஒரு சின்ன ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டி கம்ப்யூட்டர் பதிவு பண்ணி வெச்சிருக்கறதைப் படிக்கற கருவி) மாட்டி போன்ல ஆப் வெச்சுப் படிக்கலாம். டார்க் (Torque), கார் ஸ்கேனர்னு ரெண்டு ஆப் பிரபலம், எனக்கு கார் ஸ்கேனர் தான் பிடிக்கும். எரர் கோட் (வண்டி கண்டுபிடிச்ச கோளாறுக்கான குறியீடு) ஒண்ணும் இல்லன்னு காட்டும், விக்கறவர் முகம் மலரும். அதோட நிறுத்திடாதீங்க, அந்த எரர் கோடை யார் வேணும்னாலும் ஒரு பட்டனைத் தட்டி அழிச்சுடலாம்.

அடுத்து ரெடினஸ் மானிட்டர் பக்கத்துக்குப் போங்க. கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் பண்றது), ஆக்ஸிஜன் சென்சார், ஈவேப் (டேங்க்லேர்ந்து பெட்ரோல் ஆவி வெளிய போகாம பிடிக்கறது), ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள அனுப்பறது)னு வரிசையா இருக்கும். வண்டி தன்னைத்தானே பண்ணிக்கற டெஸ்ட் இதெல்லாம். எரர் கோடை அழிச்சாலோ பேட்டரியைக் கழட்டினாலோ எல்லாம் "இன்கம்ப்ளீட்"னு ஆயிடும், திரும்ப முடியறதுக்கு ஆறின ஸ்டார்ட், நெடுஞ்சாலை ஓட்டம், நின்னு நின்னு ஓட்டம்னு பல விதமா ஓடணும், சில நாள் ஆகும். அதனால கோட் இல்ல, ஆனா பாதிக்கு மேல இன்கம்ப்ளீட்டுன்னா சமீபத்துல யாரோ அழிச்சிருக்காங்க இல்ல பேட்டரி கழட்டியிருக்காங்க. நேரா கேளுங்க. ஒரு வாரம் ஓட்டுங்க, திரும்ப வந்து பாக்கறேன்னு சொல்லுங்க.

குழப்பற விஷயம் ரெண்டு. "நாட் சப்போர்ட்டட்"னு வந்தா அந்த டெஸ்டே அந்த வண்டில கிடையாதுன்னு அர்த்தம், அதை இன்கம்ப்ளீட்டோட சேத்து எண்ணக்கூடாது. மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல எரிபொருள் சரியா எரியாம விடறது), ஃப்யூயல் சிஸ்டம் இதெல்லாம் எப்பவும் ஓடிட்டே இருக்கற டெஸ்ட், அழிச்ச உடனேயும் கம்ப்ளீட்னு தான் காட்டும், அதைப் பாத்து நிம்மதி ஆயிடாதீங்க. ஈவேப் ஒண்ணு மட்டும் பாக்கின்னா பெருசா எடுத்துக்க வேண்டாம், டேங்க்ல பெட்ரோல் ரொம்ப கம்மியாவோ ரொம்ப ஃபுல்லாவோ இருந்தா அது ஓடவே ஓடாது.

நிறைய வண்டில "கோட் அழிச்சதுக்கு அப்புறம் ஓடின தூரம்"னும் ஒரு எண் கிடைக்கும். 12 கி.மீ.ன்னு வந்தா பதில் உங்களுக்கே தெரியும். அது மீட்டர்ல இருக்கறதை விட அதிகமா இருந்தா மீட்டர்ல யாரோ கை வெச்சிருக்கணும், இல்ல கம்ப்யூட்டரோ மீட்டரோ வேற வண்டியிலேர்ந்து வந்திருக்கணும்.

5. ஓட்டிப் பாத்து, மெக்கானிக்கிட்ட காட்டி, விலை பேசறது

மேனுவல் வண்டியா இருந்தா மேல் கியர்ல மெதுவா போய்க்கிட்டே ஆக்ஸிலேட்டரை அழுத்துங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் முடிஞ்சு போச்சு. அப்புறம் விக்கறவருக்கு சம்பந்தமே இல்லாத மெக்கானிக்கிட்ட லிஃப்ட்ல ஏத்திக் காட்டுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா அந்த வண்டி வேண்டாம்.

இப்ப முதல்ல போட்ட லிஸ்டை எடுங்க. அடையாளம் கிடைக்காத வேலை எல்லாத்துக்கும் எஸ்டிமேட் வாங்கி அந்த மொத்தத்தை விலையில கழிக்கச் சொல்லிக் கேளுங்க. "ஹிஸ்டரி இல்ல, குறைச்சுக்கோங்க"ன்னு பொதுவா கேட்டா யாரும் இறங்க மாட்டாங்க, "பெல்ட் கிட்டுக்கு இவ்வளவு, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு இவ்வளவு"ன்னு தாளை நீட்டினா பேச்சே வேற. வாங்கின வாரத்துலயே அந்த வேலையெல்லாம் முடிச்சுடுங்க.

சேர்த்தது: ஐபோன் வெச்சிருக்கற சிலர் அடாப்டர் கனெக்ட் ஆகலன்னு எழுதியிருந்தாங்க. பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் ஆண்ட்ராய்டுல தான் வேலை செய்யும், ஐபோனுக்கு வைஃபை மாடலோ ப்ளூடூத் எல்ஈ (LE, குறைஞ்ச மின்சாரத்துல ஓடற புது வகை) மாடலோ வாங்கணும்.

இன்னொண்ணு: இன்ஜின் ஆயில்லயே முங்கி ஓடற பெல்ட் சில புது இன்ஜின்ல இருக்குன்னு ஒருத்தர் ஞாபகப்படுத்தினார், ரொம்ப சரி. அந்த மாதிரி இன்ஜின்ல தப்பான ஆயில் ஊத்தினாலே பெல்ட் உதிர ஆரம்பிச்சு அந்தத் தூள் ஆயில் பம்ப் சல்லடையை அடைச்சுடும். அதுல ஆயில் பில்லே இல்லாத வண்டின்னா, பெல்ட்டைத் திறந்து பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.