பழைய லாரிக்கு கியர் பாக்ஸ் வேலை பாக்கலாமா, வித்துடலாமா? பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க

நாமக்கல் பக்கம் ஒத்த வண்டி வச்சு ஓட்டறவங்களுக்காக இதை எழுதறேன், அதுலயும் பழைய டாடா 1613 மாதிரி வண்டிய வாங்கி இப்பதான் தொழிலுக்கு வந்தவங்களுக்கு. பாக்ஸ் போச்சுன்னு ஒருத்தர் சொன்ன உடனே ரெண்டு பேச்சுதான் வரும், "இறக்கிடு" (பாக்ஸை கழட்டி வேலை பாரு) இல்லன்னா "தள்ளிடு" (வண்டிய வித்துடு). ரெண்டுமே அவசரம்ங்க. முதல்ல கோளாறு பாக்ஸ்லதானா, அப்புறம் மிச்ச வண்டி அந்த செலவுக்குத் தகுதியா, இந்த ரெண்டையும் வரிசையா பாத்துட்டு முடிவெடுங்க.

படி 1: கோளாறு பாக்ஸ்லதானா?

எல்லா கியருமே விழ மாட்டேங்குதுன்னா முதல் சந்தேகம் க்ளட்ச் மேலதான். இன்ஜின் ஐடில்ல ஓடட்டும், க்ளட்ச்சை முழுசா மிதிச்சு ஒரு பத்து செகண்ட் அப்படியே புடிச்சிருந்து மெதுவா ரிவர்ஸ் போடுங்க. கர்ருன்னு கடிச்சா க்ளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். நான் முதல் வண்டியில இதைப் பாக்காம ஒரு பட்டறையில பாக்ஸை இறக்க விட்டுட்டேன், நாலு நாள் வண்டி நின்னு, கூலியும் குடுத்து, கடைசியில பாத்தா க்ளட்ச் மாஸ்டர் சிலிண்டர்ல கப் வாஷர் போயிருந்துச்சு, அவ்வளவுதான். அந்த நாலு நாள் வாடகை இன்னைக்கும் மனசுல நிக்குது.

அடுத்து சத்தம். நியூட்ரல்ல நிக்கும்போது ஊளை மாதிரி சத்தம் வந்து, க்ளட்ச் மிதிச்சா நின்னு போச்சுன்னா இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுத்தலை பாக்ஸுக்குள்ள கொண்டு வர்ற தண்டு) இல்லன்னா லே ஷாஃப்ட் (அதுலருந்து சுத்தலை வாங்கி மத்த கியருக்குக் குடுக்கற துணைத் தண்டு) பேரிங். மிதிச்சாதான் சத்தம் வருதுன்னா பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்தான் (மிதிக்கும்போது க்ளட்ச்சைத் தள்ளி விடுவிக்கற பேரிங்), பாக்ஸ் உள்ள ஒண்ணும் இருக்காது. லோடுல சின்ன கியர்ல எல்லாம் சத்தம் போட்டு டாப்ல மட்டும் அமைதியா ஓடுதா? டாப் கியர் நேர் பிடிப்பா (இன்ஜின் சுத்தலை அப்படியே நேரா வெளிய அனுப்பற மாதிரி) இருக்கிற பாக்ஸ்ல அப்ப லே ஷாஃப்ட் மேல பாரமே விழாது, அதனால கோளாறு அந்தப் பக்கம்தான் இருக்கும். கியர் தானா கழண்டு வருதுன்னா முதல்ல மவுண்டிங், லிங்கேஜ், அப்புறம் டாப் கவர் மட்டும் கழட்டி ஸ்பிரிங், பால், ஃபோர்க் பாக்கச் சொல்லுங்க, இதுக்கெல்லாம் பாக்ஸை இறக்க வேண்டியதே இல்ல.

படி 2: ஆயிலை இறக்கிப் பாருங்க

வண்டி சூடா இருக்கும்போது சுத்தமான தட்டுல ஆயிலை வடிங்க. ட்ரெயின் பிளக்ல காந்தம் இருந்தா அதுல மை மாதிரி சாம்பல் கலர்ல ஒட்டியிருக்கும், அது சாதாரண தேய்மானம், பயப்பட வேண்டாம். அதை வெரல்ல தேச்சுப் பாருங்க, நறநறன்னு துண்டு தட்டுப்பட்டா பல்லோ பேரிங்கோ உடையுது. ஆயில வெயில்ல சாச்சுப் பாத்தா மஞ்சளா தங்கப் பொடி மாதிரி மின்னுச்சுன்னா சின்க்ரோனைசர் ரிங் (கியர் கடிக்காம விழ வைக்கற பித்தளை வளையம்) தேயுது.

படி 3: மிச்ச வண்டி

இன்ஜின் ஆயில் குடிக்குதா, சேஸ்ல விரிசல் இருக்கா, டயர் எத்தனை மாசம் தாங்கும், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) எப்போ. 8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. 15 வருஷம் தாண்டின ஹெவி சரக்கு வண்டிக்கு 2022 ஏப்ரல்ல ஃபீஸ் 12,500 ஆச்சு, 2025 நவம்பர்ல 20 வருஷம் தாண்டினதுக்கு 25,000-னு ஏத்திட்டாங்க. இன்னும் மூணு மாசத்துல எஃப்சியும் இன்ஜின் வேலையும் சேந்து வரப்போகுதுன்னா அதையும் இந்தக் கணக்குலயே எழுதுங்க.

படி 4: கணக்கு

எல்லாரும் வண்டி விலையையும் பாக்ஸ் செலவையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க, அது சரியான கணக்கு இல்ல. உதாரணத்துக்கு வேலைக்கு 80,000, வண்டி நிக்கற 10 நாளைக்கு நாளுக்கு 2,000 நஷ்டம்னு வச்சா மொத்தம் 1 லட்சம். இன்னும் 20 மாசம் ஓட்டுவீங்கன்னா மாசம் 5,000, வேற வண்டி எடுத்தா கட்டற மாசத் தவணையோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. அதே வண்டிய 4 மாசத்துல விக்கப் போறீங்கன்னா மாசம் 25,000 ஆகிடும், அப்ப வேற கேள்வி கேக்கணும்: ஓடற நிலையில என்ன விலை, பாக்ஸ் போன நிலையில என்ன விலை? புரோக்கர் ரெண்டு பேர்கிட்ட ரெண்டு விலையும் கேளுங்க. வித்தியாசம் 1 லட்சத்துக்கு மேல வந்தா வேலை பாத்துட்டு வித்தாலும் லாபம்தான், கம்மின்னா அப்படியே குடுத்துடுங்க.

செகண்ட்ஸ் பாக்ஸ் வாங்கறதும் ஒரு வழி, ஆனா பாக்ஸ் மேல இருக்கிற பிளேட் நம்பர், கியர் ரேஷியோ, பெல் ஹவுசிங் (இன்ஜினோட சேர்ற கூடு) எல்லாம் உங்க வண்டிக்கு ஒத்து வரணும், கையால சுத்தி எல்லா கியரும் போட்டுப் பாக்காம காசு குடுக்காதீங்க.

படி 5: வேலைக்கு விடறதுன்னா

பிரிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு விலை கேளுங்க, பேரிங், சீல், ரிங்கோட முடிஞ்சா எவ்வளவு, பல்லும் ஷாஃப்ட்டும் போயிருந்தா எவ்வளவு. இந்தத் தொகைக்கு மேல போனா என்னைக் கேக்காம தொடாதீங்கன்னு சொல்லிடுங்க. பிரிச்சதும் நேர்ல போங்க. ஹவுசிங்ல பேரிங் உக்கார்ற வீட்டை வெரலால தடவுங்க, அங்க கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா பேரிங்கோட வெளி வளையமே சுத்தியிருக்கு, லேத்ல ஸ்லீவ் போடாம புது பேரிங் போட்டா சீக்கிரமே திரும்பி வரும். அந்த ஸ்லீவ் செலவு கணக்குல இல்லன்னா படி 4-ஐ அங்கயே நின்னு மறுபடி போடுங்க, பிரிச்ச பிறகும் வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

பாக்ஸ் கீழ இருக்கும்போதே க்ளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின் ஆயில் சீல் மூணையும் பாத்துடுங்க, அப்புறம் தனியா செஞ்சா அதே இறக்கற கூலி இன்னொரு தடவை. சாமானுக்கு பில் வாங்குங்க, 2025 செப்டம்பர் 22-லிருந்து வண்டி சாமானுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. கழட்டின பழைய சாமானையும் கேட்டு வாங்கிக்குங்க.

வண்டி வெளிய வந்ததும் முதல் நடை பாதி லோடு போதும். ஒரு 1,000 கிலோமீட்டர்ல ஆயிலை மாத்தி, அதே காந்த பிளக்கை மறுபடி வெரல்ல தேச்சுப் பாருங்க.